விசுவாசி மறுபடியும் பாவம் செய்தால்?



சென்ற மாதத்து ஞாயிறு மாலைப் பேச்சில், கிறிஸ்தவ விசுவாசி ஒருவர் தொடர்ந்து பாவம் செய்ய முடியுமா என்ற கேள்வியை எடுத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். பேச்சு முடிந்ததும் கலையகத் தொலைபேசி அடங்கவேயில்லை. அடுத்து பழைய பாடல் நிகழ்ச்சி காத்திருந்ததால் எல்லோருக்கும் பதில் சொல்ல இயலவில்லை. விட்டதை எழுதித் தரும்படி இந்த மடலின் பொறுப்பாளர் கேட்டார். நான் வர்த்தகம் படித்த கணக்காளன். இறையியல் கல்லூரிப் பக்கம் போனவனல்லன். ஆனால் ஒரு புத்தகத்தைத் திறந்து பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்ப்பதே என் தொழில் என்பதால், வேதாகமத்தையும் அப்படியே பார்த்து எழுதுகிறேன். எமது நேயர்களில் பெரும்பாலோர் சைவ சமயத்தவர். அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் சில அடிப்படைகளையும் சேர்த்துக்கொள்கிறேன். கிறிஸ்தவ நேயர்கள் பொறுத்தருள்க.

வந்த அழைப்புகளில் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது ஒரு அம்மா. "தம்பி, என்ரை மகன் ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருசமாய்க் குடியைத் தொடாமல் இருந்தவன். இப்ப திரும்பவும் குடிச்சுப்போட்டான். உண்மையான விசுவாசி பாவம் செய்யமாட்டான், அப்ப நீ இவ்வளவு நாளும் நடிச்சிருக்கிறாய் எண்டு சபையிலை சொல்லிப்போட்டினம். இப்ப அவன் வேதத்தைத் தொடுறானில்லை, ஒழுங்காய்ச் சாப்பிடுறானுமில்லை. யோவான் உண்மையாய் அப்பிடித்தான் எழுதியிருக்கிறாரோ?" என்று கேட்டார். இரண்டாவது ஒரு இளைஞர். "அண்ணா, எல்லாப் பாவத்துக்கும் சிலுவையிலேயே கணக்கு முடிஞ்சுது. இனி நான் என்ன செய்தாலும் அது கணக்கிலை வராதுதானே?" என்றார். கணக்காளனிடம் கேட்டால் விடை சாதகமாக வரும் என்று நினைத்தாரோ தெரியாது.

இருவரும் ஒரே கேள்வியின் இரண்டு நுனியில் நிற்கிறார்கள். ஒருவருக்கு அது மகனின் உயிர்ப் பிரச்சினை. மற்றவருக்கு அது ஒரு வசதி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'பாவம்' என்ற சொல் வடமொழியிலிருந்து வந்தது. புண்ணியம், வினை, மறுபிறப்பு என்ற எண்ணங்களோடு சேர்ந்தே எங்கள் காதில் விழுவது. யாரையாவது பார்த்து இரங்கினாலும் 'பாவம்' என்கிறோம். இந்த இரண்டாவது பொருளை வேறு மொழிக்காரருக்கு விளங்கப்படுத்துவது சிரமம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஹமார்த்தியா'வுக்கு அடியில் இருப்பது குறி தவறுதல் என்ற எண்ணம். எபிரேயச் சொல்லும் அப்படியே. நியாயாதிபதிகள் 20:16இல் மயிரிழையையும் தவறாமல் கவண்கல் எறியும் இடதுகைக்காரர் 700 பேரைப் பற்றி வருகிறது. அங்கே 'தவறாமல்' என்பதற்கு வரும் வினைச்சொல்தான் வேறு இடங்களில் பாவம் செய்வதற்கும் வருகிறது. இயேசு கற்பித்த ஜெபத்தில், மத்தேயு எழுதியபடி பார்த்தால், மன்னிக்கும்படி கேட்பது 'கடன்களை'. லூக்கா அதே இடத்தில் 'பாவங்களை' என்கிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் இருந்தது என்பதால் இது வியப்பல்ல. அந்த ஜெபம் தினசரி அப்பத்தைக் கேட்கும் ஜெபம். அப்பம் தினமும் வேண்டுமென்றால் மன்னிப்பும் தினமும் வேண்டும் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். அதைக் கற்றுக்கொண்டவர்கள் சீடர்கள், வெளியார் அல்லர்.

கணக்காய்வுக்குப் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது நிர்வாகத்தின் அறிக்கையை அல்ல, பற்றுச்சீட்டுகளை. பவுல் எழுதிய நிருபங்களை அப்படிப் பற்றுச்சீட்டுகளாக எடுத்துப் பாருங்கள். கத்தோலிக்க நேயர்கள் இவற்றைத் திருமுகங்கள் என்பர். அவை எல்லாம் ஞானஸ்நானம் பெற்ற சபையாருக்கு எழுதப்பட்டவை. எபேசியருக்கு எழுதும்போது, திருடுகிறவன் இனித் திருடாமல் கையால் உழைக்கவேண்டும் என்கிறார் (4:28). அதற்குச் சற்று முன் பொய் சொல்வதை விடும்படி கேட்கிறார். கொரிந்துவில் கர்த்தருடைய பந்திக்கு வந்தவர்களில் ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான் (1 கொரிந்தியர் 11:21). அதே சபையில் ஒருவன் தகப்பனின் மனைவியோடு வாழ்கிறான் (5:1). அந்தியோகியாவில் பேதுருவே, யூதர் சிலர் வந்ததும் புறவினத்தாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொள்ள, பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு முகம் கண்டிக்கிறார் (கலாத்தியர் 2:11-14). விசுவாசிகளால் பாவம் செய்ய முடியாது என்றால் இந்தக் கடிதங்களில் பாதியை எழுதியிருக்கவே தேவையில்லை.

அப்படியானால் அந்த அம்மாவின் மகனுக்கு எடுத்துக் காட்டப்பட்ட வசனம்? அது யோவானின் முதலாம் நிருபம், மூன்றாம் அதிகாரம், 6ஆம் 9ஆம் வசனங்கள். கடவுளிடமிருந்து பிறந்தவர் பாவம் செய்வதில்லை, அவருக்கு அது முடியவும் முடியாது என்ற கருத்து அங்கே உண்மையாகவே இருக்கிறது. மழுப்பக்கூடாது. ஆனால் அதே நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், எங்களிடம் பாவமில்லை என்று சொல்பவர் தம்மையே ஏமாற்றுகிறார் என்று அதே யோவான் எழுதுகிறார் (1:8). இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், நீங்கள் பாவம் செய்யாதிருக்கவே எழுதுகிறேன், ஆனாலும் ஒருவர் செய்துவிட்டால் பரிந்து பேச இயேசு இருக்கிறார் என்கிறார். ஒரே கை, ஒரே கடிதம். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டுவந்து காட்டுபவரிடம் முழுப் புத்தகத்தையும் கேட்பதுதான் முறை.

இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது? வழமையாகச் சொல்லப்படும் விடை இலக்கணத்தைச் சேர்ந்தது. மூன்றாம் அதிகாரத்தில் வரும் கிரேக்க வினைகள் நிகழ்காலத்தவை. அவை தொடர்ந்து நடக்கும் செயலைக் குறிக்கக்கூடும். ஆகவே 'பாவத்தில் நிலைத்து வாழமாட்டார்' என்பதே பொருள் என்பார்கள். அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில அப்படித்தான் போடுகின்றன. எனக்கு இந்த விடை பாதிதான் திருப்தி தருகிறது. ஏனென்றால் 5:16இல் ஒரு சகோதரன் மரணத்துக்கு ஏதுவல்லாத பாவம் செய்வதை ஒருவர் கண்டால் அவனுக்காக வேண்டுதல் செய்யவேண்டும் என்று வரும் இடத்திலும் அதே நிகழ்கால வடிவம்தான் இருக்கிறது. இலக்கணம் மட்டும் பாரத்தைத் தூக்காது.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'செய்யான்' என்ற வடிவம் வருகிறது. தமிழின் இந்த எதிர்மறை வினைக்குக் காலமே கிடையாது. 'அவர் பொய் சொல்லார்' என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், பிறந்த நாள் முதல் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று நாங்கள் சத்தியக்கடதாசி கொடுக்கவில்லை. அது அவருடைய குணம் அல்ல என்கிறோம். அவர் ஒருநாள் பொய் சொன்னார் என்று கேள்விப்பட்டால் 'அவரோ?' என்று திகைப்போம். அந்தத் திகைப்பு இருக்கும்வரை முதற்கூற்று பொய்யாகவில்லை.

அதைவிட முக்கியம், யோவான் யாரை மனதில் வைத்து எழுதினார் என்பது. 2:19இல் சிலர் சபையை விட்டுப் பிரிந்து போய்விட்டார்கள் என்று தெரிகிறது. தமக்குப் பாவமே இல்லை என்று சொல்லிக்கொள்வோரும், கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்பதை மறுப்போரும் அந்தச் சூழலில் இருந்திருக்கிறார்கள். 3:10இலேயே யார் கடவுளுடைய பிள்ளை அல்ல என்பதற்கு விளக்கம் வந்துவிடுகிறது: நீதியைச் செய்யாதவன், சகோதரனை நேசிக்காதவன். அடுத்து காயீனைக் காட்டுகிறார். பின்பு கையில் பொருளிருந்தும் சகோதரனின் குறையைக் கண்டு மனதைப் பூட்டிக்கொள்பவனைக் காட்டுகிறார் (3:17). அந்த அதிகாரம் தாக்குவது வெறுப்பையும் கல்நெஞ்சையும். விழுந்துவிட்டுச் சோறு இறங்காமல் இருக்கும் பையனுக்கு எதிராக அதைப் பிரயோகிப்பவர்கள், அதே அதிகாரத்தின் 20ஆம் வசனம் வரை வாசித்திருக்கலாம். எங்கள் இருதயமே எங்களைக் குற்றவாளி என்று சொன்னாலும் கடவுள் எங்கள் இருதயத்தைவிடப் பெரியவர் என்ற ஆறுதல் அங்கேதான் இருக்கிறது.

இதைத்தான் அந்த அம்மாவுக்கும் சொன்னேன். கூடவே ஒன்று: குடிப்பழக்கம் நோயுமாகும். நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர்கள் திடீரென்று தாமாக நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே ஜெபத்தோடு குடும்ப வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். (நீதிமான் ஏழுமுறை விழுந்தாலும் எழுவான் என்ற நீதிமொழியை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். 24ஆம் அதிகாரத்தில் முன்வசனத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது துன்பத்தில் விழுவதைப் பற்றியது. நல்ல செய்திதான், ஆனால் வேறு செய்தி.)

இனி இளைஞருக்கு. அவருடைய கேள்வி புதிதல்ல. பவுலே அதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்கிறார். கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருப்போமா என்று ரோமர் ஆறாம் அதிகாரம் தொடங்குகிறது. மிகக் கடுமையான மறுப்பே அவருடைய பதில். ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு செத்து எழும்புவது. செத்தவன் பழைய எசமானிடம் வேலைக்குப் போவதில்லை. அங்கே 11ஆம் வசனத்தில் 'உங்களைப் பாவத்துக்குச் செத்தவர்களாக எண்ணுங்கள்' என்ற கருத்தில் வரும் 'எண்ணுதல்', அக்காலத்தில் கணக்குப் பதிவதற்கும் வழங்கிய சொல். நான்காம் அதிகாரத்தில் ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது என்று சொல்லும்போதும் அதே சொல். ஆகவே கணக்கு என்ற உவமையை இளைஞர் பிடித்தது சரி. ஆனால் தள்ளுபடி செய்யப்பட்ட கடனைக் காட்டி புதுக்கடன் எடுக்க அனுமதி கேட்பது, நான் அறிந்த எந்தக் கணக்கியலிலும் இல்லை.

தவறுதலுக்கும் துணிகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பழைய ஏற்பாடு நன்றாகவே பிரிக்கிறது. எண்ணாகமம் 15இல் அறியாமல் செய்த பிழைக்குப் பலி உண்டு. கையை ஓங்கிச் செய்ததற்கு, அதாவது தெரிந்துகொண்டே கடவுளுக்கு எதிராகச் செய்ததற்கு, பலி கிடையாது. அவன் சனத்திலிருந்து அறுப்புண்டு போவான். இங்கே அவுஸ்திரேலியாவில் எமது வரித் திணைக்களமும் ஏறக்குறைய இப்படித்தான். வருமானத்தைக் குறைத்துக் காட்டி வரி குறைந்தால், போதிய கவனமின்மைக்குக் குறைந்த வரியின் 25 வீதம் அடிப்படைத் தண்டம். பொறுப்பற்ற போக்குக்கு 50 வீதம். வேண்டுமென்றே செய்ததற்கு 75 வீதம். ஆனால் விசாரணை வரப்போகிறது என்று அறிவிக்கமுன் நீங்களாகவே போய்ச் சொன்னால் பொதுவாக அந்தத் தண்டத்தில் 80 வீதம் குறைகிறது. அறிவித்தபின் சொன்னால் 20 வீதம்தான். எப்படியிருந்தாலும் கட்டவேண்டிய வரியையும் வட்டியையும் கட்டத்தான் வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் எனக்குத் தாவீதும் நாத்தானும் நினைவுக்கு வருவார்கள். தாவீது செய்தது அறியாப் பிழையல்ல. பெத்சேபாளை எடுத்தான், அவள் புருசன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகவைத்தான். தானாகப் போய்ச் சொல்லவுமில்லை, நாத்தான் வந்து பிடிக்கவேண்டியிருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கிடைத்தது. உவமை இந்த இடத்தில் உடைகிறது. கடவுள் வரித் திணைக்களத்தைவிடத் தாராளமானவர். ஆனால் விளைவுகள் போகவில்லை. பிள்ளை இறந்தது, பட்டயம் வீட்டை விட்டு நீங்கவில்லை (2 சாமுவேல் 12).

இந்த விளைவு என்ற விடயத்தில்தான் எங்கள் சபைகளில் பெரிய ஓட்டை இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒன்று சொல்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்கள் இருபது பேர் மாதம் 500 டொலர்ப்படி ஒரு சீட்டுக் கட்டினோம். பன்னிரண்டாம் மாதச் சீட்டுக்காசு 10,000 டொலரையும் சேர்த்துக்கொண்டு, சீட்டுப் பிடித்தவர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். அந்த மாதம் எடுக்க இருந்தவர் என் நண்பர். தங்கையின் கலியாணத்துக்கு அந்தக் காசைத்தான் நம்பியிருந்தார். பல வருடம் கழித்து, போனவர் ஒரு சபையில் எழுந்து சாட்சி சொன்னதாகக் கேள்விப்பட்டோம். பழைய வாழ்க்கையைக் கடவுள் மன்னித்துவிட்டார், இப்போது தமக்குச் சமாதானம் என்று கண்ணீரோடு சொன்னாராம். நண்பர் என்னிடம் கேட்டார்: "கடவுள் மன்னிச்சது சரி. என்ரை பத்தாயிரத்தை இவர் எப்ப தருவார்?"

லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின் தொடக்கம் இந்த நண்பருக்காகவே எழுதப்பட்டது போலிருக்கும். அயலவன் நம்பி ஒப்படைத்த பொருளை மறுப்பது, பறிப்பது, ஏய்ப்பது, கண்டெடுத்ததை இல்லையென்று பொய்ச்சத்தியம் செய்வது எல்லாம் அங்கே வரிசையாக வருகின்றன. செய்தவன் முதலை முழுமையாகவும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்கவேண்டும். பலி அதற்குப் பிறகு. எங்கள் கணக்கில் 12,000 டொலர். எண்ணாகமம் ஐந்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: கொடுக்கவேண்டியவர் இறந்து, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லையென்றால், பணம் ஆசாரியனிடம் போகவேண்டும். அதாவது உரியவர் இல்லை என்பதற்காகக் கடன் இல்லாமல் போவதில்லை. இவை பழைய நியாயப்பிரமாணம், எங்களுக்கு இல்லை என்பவர்கள் சகேயுவைப் பார்க்கலாம். வரி வசூலிப்பவர், என் தொழிலுக்கு அண்மையானவர். ஐந்தில் ஒரு பங்கு போதாதென்று நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவின் முன் நின்று சொன்னார் (லூக்கா 19:8). பீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறையுண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்று சொன்னவரும் இயேசுதான். பவுல், ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை எசமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது, நான் தருவேன் என்று தம் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். மன்னிப்பைப் பற்றி அதிகம் எழுதியவர் கடனைத் தீர்க்கும் விடயத்தில் இவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார். எனவே, 'அது கணக்கில் வராது' என்ற தம்பிக்கு என் பதில்: கடவுளின் கணக்கை அவரிடம் விடுங்கள். மனிதரின் கணக்கில் அது நிச்சயமாக வரும்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். விசுவாசி மறுபடியும் விழுந்தால் என்ன செய்வது என்பது மூன்றாம் நூற்றாண்டில் திருச்சபையை இரண்டாகவே உடைத்தது. உரோமப் பேரரசன் டேசியஸ், குடிகள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். கி.பி. 250ஆம் ஆண்டு அது அமுலுக்கு வந்தது. அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து பப்பிரசுத் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், நான் எப்போதும் பலி செலுத்தி வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் செலுத்திப் பலியைச் சுவைத்தேன், உறுதிப்படுத்தித் தாருங்கள் என்ற விண்ணப்பம், கீழே அதிகாரியின் கையொப்பம். பார்த்தால் இன்றைய படிவம் மாதிரியே இருக்கும். ஒரு காகிதத் துண்டில் உயிர் தொங்குவது எப்படியென்று எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கிறிஸ்தவர்களில் பலர் பயந்து பலி செலுத்தினார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். இன்னும் சிலர் பலியே செலுத்தாமல் காசு கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். 251இல் டேசியஸ் போரில் இறக்க, இவர்களெல்லாம் சபைக் கதவைத் தட்டினார்கள். சிறையில் சித்திரவதைப்பட்டு உறுதியாக நின்றவர்களிடம் போய், என்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் வாங்கி வந்தார்கள். அந்தக் கடிதங்கள் சிலவற்றில் ஒருவருடைய பெயரைப் போட்டு 'அவரும் அவரைச் சேர்ந்தவர்களும்' என்று எழுதியிருந்ததாம். தொகை நிரப்பாமல் கையொப்பமிட்ட காசோலைதான்! கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான் இதைக் கடிந்து எழுதினார். துன்புறுத்தலின்போது அவரே மறைந்திருந்தவர் என்பதால், கடிந்துகொள்ள உமக்கு என்ன தகுதி என்ற கேள்வியையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் ஒரு நடுவழி கண்டார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது, பலி செலுத்தியவர்கள் நீண்டகாலம் மனம் வருந்திய பின், சாகுந் தறுவாயிலாவது சேர்த்துக்கொள்வது. அடுத்த துன்புறுத்தல் நெருங்குவதுபோல் தெரிந்ததும், மனம் வருந்தி நின்றவர்களுக்கு அந்தத் தவணையையும் குறைத்துவிட்டார்கள். போர்க்களத்துக்குப் போகிறவனை ஆயுதமில்லாமல் அனுப்பக்கூடாது என்பது அவர்கள் நியாயம். சிப்ரியான் 258இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். தகுதிக் கேள்விக்கு அதுவே விடையாகிவிட்டது. உரோமில் நொவேசியன் என்ற மூப்பரோ, விழுந்தவர்களைச் சேர்க்கச் சபைக்கு அதிகாரமே இல்லை என்று பிரிந்து போனார். அவரைச் சேர்ந்தவர்கள் தம்மைத் 'தூயவர்' என்று அழைத்துக்கொண்டார்கள். 325இல் நிசேயாச் சங்கத்துக்கு வந்த அந்தப் பிரிவின் ஆயர் ஒருவரிடம், அப்படியானால் ஓர் ஏணியை வைத்து நீர் தனியே பரலோகத்துக்கு ஏறும் என்று பேரரசன் கான்ஸ்டன்டைன் சொன்னதாக வரலாற்றாசிரியர் சோக்ரடீஸ் எழுதுகிறார். சொன்ன கான்ஸ்டன்டைனோ, 337இல் சாகுந் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றான். ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவத்துக்கு என்ன வழி என்ற பயத்தால் இப்படி அதைத் தள்ளிப்போடுவது அக்காலத்தில் பலரிடம் இருந்த வழக்கம்.

நொவேசியன் பக்கத்தார் தங்களுக்கு ஆதாரமாகக் கொண்டது எபிரேயர் ஆறாம், பத்தாம் அதிகாரங்கள். ஒளியைக் கண்டு ருசித்த பின் மறுதலித்தவர்களை மறுபடி மனந்திரும்பப் பண்ணுவது கூடாத காரியம் என்ற கடுமையான பகுதி அது. இன்றும் பல வீடுகளில் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிற பகுதி. ஆனால் அங்கே பேசப்படுவது ஒருமுறை குடித்ததையோ கோபப்பட்டதையோ அல்ல; கடவுளுடைய குமாரனைக் காலின்கீழ் மிதித்து (10:29), கிறிஸ்துவையே வேண்டாமென்று எறிந்துவிட்டுப் போவதை. அதை எழுதியவரே, 6:9இல், உங்களைப் பற்றி நல்லதையே நம்புகிறோம் என்று குரலைத் தணிக்கிறார். நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேனோ என்று நடுங்குபவர் இன்னும் எறிந்துவிட்டுப் போகவில்லை.

பின்னாளைய விவாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 418இல் கார்த்தேஜில் கூடிய இன்னொரு சங்கம், பரிசுத்தவான்கள்கூட மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பது வெறும் பணிவுக்காக அல்ல, உண்மையாகவே தேவைப்படுவதால்தான் என்று தீர்மானித்தது. கத்தோலிக்கர் சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரித்து, ஒப்புரவு அருட்சாதனத்தை வழியாக வைத்திருக்கிறார்கள். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்றார் லூதர். உண்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் விழுந்தாலும் முடிவில் கைவிடப்படார் என்பது கல்வின் வழியினர் 1618-19இல் டோர்ட் சங்கத்தில் உறுதிப்படுத்திய கொள்கை. 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிசனரிமாரின் ஆசான் ஜோன் வெஸ்லி, அறிந்த கட்டளையை வேண்டுமென்று மீறுவதையே சரியான பொருளில் பாவம் என்று வரையறுத்து, அதிலிருந்து இந்த வாழ்விலேயே விடுதலை கிடைக்கும் என்று போதித்தார். எங்கள் மக்களிடையே இந்த எல்லா வழியினரும் இருப்பதால், ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு விடை கிடைப்பதுண்டு. ஆனால் விசுவாசி விழமாட்டார் என்றோ, விழுந்த இடத்திலேயே இருக்கலாம் என்றோ இவர்களில் யாரும் சொல்லவில்லை.

சபையார் என்ன செய்யவேண்டும் என்பதற்குக் கொரிந்து சபையே உதாரணம். முதல் கடிதத்தில், தகப்பன் மனைவியோடு இருந்தவனை வெளியேற்றும்படி பவுல் எழுதினார். இரண்டாம் கடிதத்தில் ஒருவரைக் குறிப்பிட்டு, அவனைத் தண்டித்தது போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மிதமிஞ்சிய துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார் (2:6-8). இவனும் அவனும் ஒரே ஆளா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. யாராக இருந்தாலும், தண்டனைக்கு ஒரு முடிவு வைத்திருந்தார் என்பது தெளிவு. கலாத்தியர் 6:1இல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்துங்கள் என்ற கருத்தில் வரும் வினைச்சொல், மாற்கு 1:19இல் யாக்கோபும் யோவானும் படகிலிருந்து வலையைப் பழுதுபார்த்ததற்கு வரும் அதே சொல். குருநகரிலோ பாசையூரிலோ கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்பவர்களைப் பார்த்த நேயர்களுக்கு, அந்த வேலைக்கு எவ்வளவு நேரமும் பொறுமையும் போகும் என்று தெரியும்.

ரோமர் ஏழாம் அதிகாரத்தில், விரும்புவதைச் செய்யாமல் வெறுப்பதையே செய்கிறேன் என்று புலம்பும் 'நான்' யார், மனந்திரும்பிய பவுலா அல்லது அதற்கு முந்திய மனிதனா என்று இன்னொரு நேயர் கேட்டிருந்தார். அகுஸ்தீனார் முதலில் ஒன்று சொல்லிப் பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்ட இடம் அது. இந்தப் பக்கத்தில் அடங்காது. அடுத்த மாதப் பேச்சுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். இம்முறை பாடல் நிகழ்ச்சிக்கு முன் தொலைபேசிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி நிலையத்தாரிடமும் கேட்டிருக்கிறேன்.